கப்பலைக் கைது செய்தல்

யான் திருவொற்றியூரில் தமிழாசிரியனாக இருந்த காலத்தில், ஒருநாள் வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா! துறைமுகத்தில் ஒரு கப்பலைக் கைது செய்திருக்கிறார்களாம். என் தந்தையார் கூறினார். கப்பலுக்கு விலங்கை எங்கே பூட்டுவார்கள்?" என்று வினவினான். வகுப்பு முழுதும் சிரித்தது. யானும் சிரித்தேன்; விடை தெரியாமலே சிரித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தபோது, அஃது இங்கிலாந்தின் பழைய நீதிமன்றம் ஒன்றன் வாயிலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திற்று.

நிலத்தில் ஒருவன் நமக்குப் பணம் தரவேண்டியிருப்பின், அவன்மீது வழக்குத் தொடுக்கிறோம். இஃது ஆள்மேல் வழக்கு. கடல் வாணிகத்தில் இம்முறை பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. கப்பலை உடையவர் ஒரு நாட்டில் இருப்பார். அதன்மேல் பறக்கும் கொடி மற்றொரு நாட்டினது. மீகாமன் மூன்றாம் நாட்டவன். மாலுமிகளோ பல நாட்டினர். இன்று எண்ணூரில் நிற்கும் கப்பல் நாளை சிங்கப்பூரை நோக்கிச் சென்றுவிடும். ஆறு திங்களாக ஊதியம் பெறாத மாலுமி யாரைத் தேடிப் பிடிப்பான்? எந்த ஊர் நீதிமன்றத்தின் படியில் ஏறுவான்? உடையவர் கைக்கு எட்டாவிடினும் கப்பல் கண்முன் நிற்கின்றதன்றோ? ஆதலின் அக்கப்பலையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுக்கும் முறையை ஆங்கிலேயரின் கடல் நீதிமன்றம் வளர்த்தது. இலத்தீன் மொழியில் இதனை 'இன் ரெம்' என்பர். பொருள்மேல் வழக்கு என்று நாம் கூறலாம். இத்தகைய வழக்கில் பிரதிவாதியின் பெயர் எழுதும் இடத்தில் கப்பலின் பெயரே எழுதப்பெறும்.

அந்நீதிமன்றத்திற்கு அட்மிரால்டி நீதிமன்றம் என்று பெயர். கடற்படைத் தலைவரான அட்மிரலின் அதிகாரத்தில் அது 14 ஆம் நூற்றாண்டில் தோன்றியது. நிலத்து நீதிபதிகளுக்கு அதன் வளர்ச்சி பிடிக்கவில்லை. கடலில் நிகழ்ந்தவற்றையன்றி வேறொன்றிலும் தலையிடலாகாது என்று, இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில், 1389 ஆம் ஆண்டிலும் 1391 ஆம் ஆண்டிலும் சட்டம் செய்து அதற்கு வேலியிட்டனர். அந்நீதிமன்றத்தின் அடையாளம் ஒரு வெள்ளித் துடுப்பு. நீதிபதி அமரும்போது அதனை முன்னே வைப்பது மரபு. அட்மிரல் என்னும் சொல்லோ ஆங்கிலச் சொல் அன்று. தலைவன் என்னும் பொருளுடைய 'அமீர்' என்ற அரபுச் சொல்லினின்று பிறந்தது. நாம் தமிழ் என்றே எண்ணி வழங்கும் 'கைது' என்பதும் அரபு வழி வந்ததே. சொற்களும் சரக்கைப் போலவே கடல் கடந்து செல்கின்றன.

ஆங்கிலேயர் வருமுன் நம் கரைகளில் கடல்நீதி இல்லை என்று எண்ணற்க. 1244 ஆம் ஆண்டளவில் காகதீய மன்னன் கணபதிதேவன், மோட்டுப்பள்ளித் துறையில் கல்வெட்டொன்று பொறித்தான். புயலால் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னை அரசர் கவர்ந்துகொண்டனர்; தான் உரிய சுங்கமன்றி வேறொன்றும் கொள்வதில்லை என்று அதில் உறுதி கூறினான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1683 ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லசு மன்னன் அளித்த பட்டயத்தின்படி, 1686 இல் சென்னையில் அட்மிரால்டி நீதிமன்றம் அமைந்தது. மறு ஆண்டில் சர் ஜான் பிக்சு என்னும் சட்டம் கற்ற நீதிபதி வந்து சேர்ந்தார். இவ்வளவும் ஊதியம் பெறாத மாலுமியின் பொருட்டு நடந்ததன்று. கம்பெனியின் இசைவின்றி வாணிகம் செய்த கப்பல்களைப் பறிமுதல் செய்வதே முதல் நோக்கம். அந்நீதிமன்றம் நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் 1801 இல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட்டும், அதன்பின் 1862 இல் தொடங்கிய உயர் நீதிமன்றமும் கடல் வழக்குகளை ஏற்றன. உயர் நீதிமன்றம் 1892 இல் இன்றைய செந்நிறக் கட்டடத்திற்கு வந்தது. அதன் உயர்ந்த கோபுரத்தின்மேல் 1894 இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1977 இல் மெரினாவில் புதிய விளக்கம் எழும்வரை, கப்பல்களுக்கு நீதி வழங்கிய கட்டடமே அவற்றிற்கு வழியும் காட்டி நின்றது.

நாடு விடுதலை பெற்ற பின்னும், கடல் வழக்குகளுக்கு 1861 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமே அளவுகோலாக இருந்தது. இங்கிலாந்து தன் சட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டது. நாமோ அவர்கள் கழற்றிவைத்த பழைய சட்டையை விடாது உடுத்திருந்தோம். இதனால் விளைந்த இடர்ப்பாட்டை 'எலிசபெத்து' என்னும் கப்பலின் வழக்கு காட்டும். கோவாவின் மர்மகோவாத் துறையினின்று சரக்கு வெளிநாடு சென்றது. வாங்கியவர் விலை தராமையால் சரக்கைக் கொடுக்கவேண்டா என்று அனுப்பியவர் தடுத்தும், கப்பலார் கொடுத்துவிட்டனர் என்பது வழக்கு. அக்கப்பல் பின்னர் விசாகப்பட்டினத்தில் கைது செய்யப்பட்டது. துறைமுகத்திற்குள் 'கொண்டுவரப்பட்ட' சரக்கைப் பற்றியே 1861 ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகிறது; இதுவோ 'கொண்டுசெல்லப்பட்ட' சரக்கு; ஆதலின் கைது செல்லாது என்று கப்பலின் சார்பில் வாதிட்டனர். வருதலுக்கும் செல்லுதலுக்கும் உள்ள வேற்றுமையை இலக்கண வகுப்பிற்கு வெளியே இத்துணை ஊன்றி ஆராய்ந்த இடம் பிறிதொன்றை யான் அறியேன். அவ்வாதத்தை 1992 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் உயர் நீதிமன்றங்களின் அதிகாரம் அப்பழைய சட்டத்திற்குள் உறைந்து கிடப்பதன்று என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2017 இல் நம் பாராளுமன்றமே அட்மிரால்டிச் சட்டம் ஒன்றை இயற்றி, பழைய ஆங்கிலச் சட்டங்களை நீக்கியது. அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

இனி மாணவனின் வினாவிற்கு வருவோம். கப்பலுக்கு விலங்கு ஒரு தாள்தான். வழக்கில் பொருள் உண்டு என்று நீதிபதி கருதினால் பிடியாணை பிறப்பிப்பார். பாய்க்கப்பல் காலத்தில் அதனை நடுப் பாய்மரத்தில் ஆணியால் அறைந்தனர். இக்காலத்தில் கப்பலைச் செலுத்தும் அறையின் கண்ணாடியில் ஒட்டுவர். துறைமுகத்தார்க்கும் சுங்கத்தார்க்கும் செய்தி சென்றுவிடும். அவர்கள் இசைவின்றிக் கப்பல் துறையை நீங்க இயலாது. உடையவர் வங்கி உத்தரவாதம் முதலிய பிணையை அளித்தால், கப்பல் விடுபடும். வழக்கு பிணைப்பணத்தின்மேல் நடக்கும்.

எவ்வெக் காரணங்களுக்காகக் கைது செய்யலாம் என்பதைச் சட்டம் விரித்துரைக்கிறது. கப்பல்கள் மோதுதல் அவற்றுள் ஒன்று; கடலுக்கும் கரைக்கும் கேடு விளைத்தல் மற்றொன்று. 2017 சனவரி 28 அன்று எண்ணூர்க்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கசிந்து கரையெங்கும் கருமை படிந்ததையும், மீனவர் தொழிலிழந்து நின்றதையும் வடசென்னை மறவாது.

மாலுமியின் ஊதியத்திற்கோ தனி மதிப்பு உண்டு. அதனைக் கடல்சார் பற்றுரிமை என்பர். கப்பலை விற்றாலும், கொடியை மாற்றினாலும், அவ்வுரிமை கப்பலை விட்டு நீங்காது. ஏனைய பற்றுரிமைகள் ஓராண்டில் அற்றுப்போக, ஊதியத்திற்கு ஈராண்டு தவணை உண்டு. கப்பலை அடகாகப் பெற்றுக் கோடிக்கணக்கில் கடன் கொடுத்த வங்கியும் இம்மாலுமிக்குப் பின்னேதான் நிற்றல் வேண்டும்.

ஆயினும் இம்முறையில் ஓர் இரங்கத்தக்க நிலையும் உண்டு. கைதாவது கப்பல், காவலில் இருப்பவரோ மாலுமிகள்! ஆளில்லாக் கப்பல் காற்றில் அடித்துச் செல்லப்பட்டுப் பிற கப்பல்களுக்கு இடையூறாகும். ஆதலின் சிலரேனும் அதில் தங்கியே ஆகவேண்டும். உடையவர் கைவிட்டபோது உணவும் நன்னீரும் எரியெண்ணெயும் குறையும். இராயபுரத்துக் கரையிலிருந்து நோக்குவார்க்கு அழகிய விளக்குகளாகத் தோன்றுவனவற்றுள் ஒன்றன்கீழ், வீட்டுக் கடிதத்திற்கு என்ன விடை எழுதுவது என்றறியாத ஒருவன் அமர்ந்திருக்கக் கூடும். அவர்களுக்கு வேண்டுவன வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடுதல் உண்டு. பிணை தர எவரும் வாராவிடில், கப்பலை ஏலம் விட்டு, வந்த பணத்தை உரியவர்க்கு வரிசைப்படி பகிர்ந்தளிப்பர். ஏலம் எடுத்தவர்க்குப் பழைய கடன் எதுவும் தொடராத கப்பல் கிடைக்கும். மாலுமிகள் ஊர் திரும்புவர். கப்பல் பெரும்பாலும் புதிய பெயர் பூண்டு துறையை விட்டுப் புறப்படும்.