சந்தா மென்பொருள்: முன்மாதிரியில் நேரும் பிழைகள்

இதழுக்குச் சந்தா கட்டுவது நாம் நன்கறிந்த பழக்கம். பிடித்திருந்தால் புதுப்பிக்கிறோம், இல்லையேல் விட்டுவிடுகிறோம். இன்று கணிப்பொறி மென்பொருள்கள் பலவும் இவ்வாறே மாதச் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. அத்தகைய மென்பொருள் ஒன்றைப் படைக்க நீங்கள் விரும்புவதாக வைத்துக்கொள்வோம். முழுவதையும் உருவாக்குமுன் ஒரு முன்மாதிரி செய்து பார்ப்பீர்கள். அதில் நேரக்கூடிய பிழைகள் யாவை?

முதலில் ஒரு கணக்கு. உங்களிடம் 100 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். புதிதாக யாரும் சேரவில்லை. மாதந்தோறும் இருப்போரில் 10 விழுக்காட்டினர் விலகினால், ஓராண்டு முடிவில் எஞ்சுவோர் ஏறத்தாழ 28 பேரே. 3 விழுக்காட்டினர் மட்டும் விலகினால் 69 பேர் எஞ்சுவர். ஆகவே "வாங்குவார்களா?" என்பதைவிடத் "தொடர்வார்களா?" என்பதே பெரிய கேள்வி. ஒரு நாள் காட்டிவிட்டு எடுத்து வைக்கும் முன்மாதிரி இதற்கு விடை தராது. சிலரிடம் கொடுத்துவிட்டு, சில வாரங்கள் சென்ற பின்னும் அவர்கள் தாமாகவே அதைத் திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பாராட்டு சான்றாகாது

நண்பர்களிடம் காட்டினால் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். ஆனால் விலையைச் சொன்ன பிறகு என்ன செய்கிறார்கள்? 2010-இல் ஜோயல் காஸ்காயின் என்பவர் 'பஃபர்' என்னும் மென்பொருளை இவ்வாறு சோதித்தார். ட்விட்டர் செய்திகளை முன்கூட்டியே எழுதிவைத்து, குறித்த நேரத்தில் வெளியிட உதவுவது அது. மென்பொருள் உருவாகுமுன்பே அதை விளக்கும் பக்கம் ஒன்றை இணையத்தில் வைத்தார். ஆர்வம் காட்டியோரிடம் அது இன்னும் தயாராகவில்லை என்று தெரிவித்து, மின்னஞ்சல் முகவரி பெற்றார். பின்னர் இடையில் விலைப்பட்டியல் ஒன்றையும் சேர்த்தார். அதன் பிறகும் சிலர் கட்டணத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்தனர். அதைக் கண்ட பின்னரே மென்பொருளை எழுதினார். இல்லாத பொருளுக்கு அவர் பணம் வாங்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கடினமானதை முதலில் கட்டாதீர்கள்

பேச்சைக் கேட்டு எழுதும் கணிப்பொறி பயன்படுமா? ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் கூல்டும் அவருடைய துணைவர்களும் இதை ஆராய்ந்து 1983-இல் முடிவை வெளியிட்டனர். அப்படியொரு பொறியை அவர்கள் செய்யவில்லை. ஒருவர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, மறைவில் இருந்த தட்டச்சர் அதைத் தட்டினார். சொற்கள் திரையில் தோன்றின. பொறி இல்லாமலேயே மக்களின் தேவை தெரிந்தது. நீங்களும் முதல் பத்துப் பேருக்குக் கணக்கையும் ரசீதையும் கையாலேயே போடலாம்.

சாரத்தில் குடியேறாதீர்கள்

கட்டடம் எழுப்பச் சாரம் கட்டுகிறோம், அதிலேயே குடியேறுவதில்லை. முன்மாதிரி அவசரத்தில் எழுதப்படுவது. கடவுச்சொல்லைப் பாதுகாப்பது, நடுமாதத்தில் விலகுபவருக்குக் கணக்குத் தீர்ப்பது, பணம் செலுத்தத் தவறினால் செய்ய வேண்டியது ஆகியவை அதில் இரா. எனவே பிறருடைய உண்மையான விவரங்களை அதில் இடாதீர்கள். ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில், முதல் படைப்பைக் கழித்துவிடத் திட்டமிடுமாறு அறிவுறுத்தினார். 1995-இல் அவரே அதைத் திருத்தி, பயன்படுத்துவோரின் சோதனையுடன் படிப்படியாக வளர்ப்பதே மேல் என்றார்.

முன்மாதிரி தொடங்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன்? எந்த விடை வந்தால் இம்முயற்சியைக் கைவிடுவேன்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையெனில், நீங்கள் செய்வது சோதனை அன்று. பல மாத உழைப்பையும் சேமிப்பையும் பந்தயம் வைப்பதேயாகும்.