மரங்கள் காக்கும் மனித உயிர்கள்



கோடையில் பகலெல்லாம் வெந்த நகரம், பொழுது சாய்ந்த பின்னரும் ஏன் தணிவதில்லை என்று சிந்தித்ததுண்டா? வயல்வெளி சூழ்ந்த சிற்றூரில் இரவானதும் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிவிடுகிறது. நகரத்திலோ நள்ளிரவிலும் சுவரின் சூடு தணிவதில்லை.

தார்ச்சாலைகளும் கான்கிரீட் கட்டடங்களும் பகல் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சிச் சேமித்து, இரவில் சிறுகச் சிறுக வெளியிடுகின்றன. வாகனங்களும் குளிர்சாதனக் கருவிகளும் தம் பங்குக்கு வெப்பத்தை உமிழ்கின்றன. இவ்வாறு சுற்றுப்புறக் கிராமங்களைவிட நகரம் மட்டும் சூடேறி நிற்பதை 'நகர வெப்பத் தீவு' என்பர்.

இதைத் தணிக்கும் ஆற்றல் மரத்துக்கு உண்டு. மண்பானைத் தண்ணீர் எவ்வாறு குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மரமும் வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியே ஆவியாக்கி, அவ்வாறே காற்றைக் குளிர்விக்கிறது. நிழல் தருவது அதன் மற்றொரு கொடை.

இது நம் முன்னோர் அறிந்த செய்தியே. ஆனால், மரம் எத்தனை உயிர்களைக் காக்கும் என்று கணக்கிட முடியுமா? தனியொருவரால் ஆகாது. தட்பவெப்பம் அறிந்தவர், செயற்கைக்கோள் படங்களில் மரங்களை அளப்பவர், மரணப் பதிவேடுகளை ஆராயும் மருத்துவத் துறையினர் ஆகியோர் ஒன்றுகூட வேண்டும்.

ஐரோப்பாவில் அவ்வாறு ஒன்றுகூடினர். பார்சிலோனா உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமையில், லண்டன் முதலிய இடங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து 93 நகரங்களை ஆராய்ந்தனர். முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. 2015-ஆம் ஆண்டின் கோடை மாதங்களில் அந்நகரங்கள் சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 1.5 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறியிருந்தன. அந்த மிகை வெப்பத்தால் ஏறத்தாழ 6,700 பேர் காலத்துக்கு முன்பே இறந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டனர்.

அந்நகரங்களின் பரப்பில் மரநிழல் சராசரியாக 15 விழுக்காடு அளவே இருந்தது. அதனை 30 விழுக்காடாக உயர்த்தினால் வெப்பம் சராசரியாக 0.4 டிகிரி குறையும் என்றும், அம்மரணங்களில் 2,644-ஐத் தவிர்த்திருக்கலாம் என்றும் கண்டனர். அரை டிகிரிகூட இல்லையே என்று எண்ணிவிடாதீர்கள். வெப்பம் மிகும்போது உடலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் அந்தச் சிறு அளவே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடாகிவிடலாம்.

"இவை ஏட்டுக் கணக்குகள்தாமே? மண்ணில் செய்து பார்த்தவர் உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். வெப்பத்தைப் பற்றி அன்று எனினும், பசுமை மனித மனத்தில் விளைக்கும் மாற்றத்தைப் பற்றி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செய்து பார்த்தனர். அங்கே குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் குப்பையை அகற்றிப் புல்லும் சில மரங்களும் நட்டுப் பராமரித்தனர். மற்றொன்றில் துப்புரவு மட்டும் செய்தனர். மூன்றாவதை அப்படியே விட்டனர். தோட்டக்கலைச் சங்கம் நிலத்தைப் பண்படுத்த, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்கம்பக்கத்தாரின் மனநிலையைக் கேட்டறிந்தனர்.

2018-இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. பசுமையாக்கிய மனைகளின் அருகே வாழ்ந்தோரிடம், ஏதும் செய்யாத இடங்களில் வாழ்ந்தோரை ஒப்பிட, மனச்சோர்வு உணர்வு 41 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் இக்குறைவு 68 விழுக்காட்டையும் தாண்டியது. துப்புரவு மட்டும் செய்த இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆக, பசுமை என்பது செல்வர் வீட்டு அலங்காரமன்று. ஏழைக்கே அது பெரிதும் தேவைப்படுகிறது.

நம் தெருவுக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? நகர வனவியல் அறிஞர் செசில் கொனைநென்டைக் 2021-இல் எளிய விதியொன்றை முன்வைத்தார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரங்களேனும் தெரிய வேண்டும். குடியிருப்புப் பகுதியில் 30 விழுக்காடு மரநிழல் இருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும்.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். மூன்று மரங்கள் தெரிகின்றனவா? இல்லையெனில் இந்த மழைக்காலத்திலேயே ஒன்றை நடுங்கள். ஈராண்டுகளேனும் நீரூற்றிக் காத்திடுங்கள். எனினும், இன்று நடும் கன்று அகன்ற நிழல் தர ஆண்டுகள் பல ஆகும். ஆதலின், வளர்ந்து நிற்கும் மரத்தின்மீது கோடரி விழாமல் தடுப்பதே நம் முதற்கடமை. குப்பை விழுகிறது, சுவர் விரிசல் விடுகிறது என்று அதை வெட்டத் துணியும் முன், அதன் நிழலில் இளைப்பாறும் முதியவரை ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.