கடை வாசலில் நின்ற சட்டம்: முகக்கவச விதி வணிகருக்கும் வாடிக்கையாளருக்கும் உணர்த்தியவை

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இந்தியக் கடைக்காரர்கள் மீது அதுவரை இல்லாத ஒரு பொறுப்பு சுமத்தப்பட்டது. கடைக்குள் வருபவர் முகக்கவசம் அணிந்திருக்கிறாரா என்பதை அவர்களே கவனிக்க வேண்டியிருந்தது. அணியாதவரை உள்ளே விட்டால் வாடிக்கையாளருக்கு மட்டுமன்றிக் கடைக்கும் தண்டனை உண்டு என்ற நிலை பல மாநிலங்களில் ஏற்பட்டது. பொருளை எடை போட்டுக் கொடுத்துப் பணம் பெறுவதையே தொழிலாகக் கொண்டவர், அரசின் ஆணையை நடைமுறைப்படுத்தும் கண்காணிப்பாளராகவும் ஆக நேர்ந்தது.

அந்த விதி இன்று நடைமுறையில் இல்லை. எனினும் அது எந்தச் சட்டத்தின் வழியே வந்தது, அதன் பாரம் ஏன் கடையின் மேல் விழுந்தது, எந்த வழிமுறை பயன் தந்தது என்பவற்றை அறிந்துகொள்வது, சிறு வணிகம் செய்யும் நம் வாடிக்கையாளர்களுக்கும் அவர்களிடம் பொருள் வாங்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

விதி வந்த வழி

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 அதற்கு அடிப்படையாக அமைந்தது. ஏப்ரல் 8 அன்று மும்பை மாநகராட்சி பொது இடங்களில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அதற்குத் துணையாக நின்றது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டம் அது. ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணை, பொது இடங்களிலும் பணியிடங்களிலும் முகத்தை மூடுவதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது.

வணிக வளாகங்கள் 2020 ஜூன் 8 முதல் திறக்க அனுமதிக்கப்பட்டன. அதற்கு முன்னதாக ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. நுழைவாயிலில் கிருமிநாசினியும் உடல் வெப்பப் பரிசோதனையும் இருக்க வேண்டும். முகக்கவசம் அணிந்தவரை மட்டுமே அனுமதிக்க வேண்டும். உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அதனைக் கழற்றக் கூடாது. ஒருவருக்கொருவர் 6 அடி இடைவெளி வேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை.

இவ்வாணைகளை மீறுவோருக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளித்தது. அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவும் பொருந்தியது. ஆயினும் 188ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர, சம்பந்தப்பட்ட அரசு அலுவலர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். முகக்கவசம் அணியாத ஒவ்வொருவருக்கும் இதைச் செய்வது நடவாத காரியம். ஆகவே அந்த இடத்திலேயே வசூலிக்கும் அபராத முறையை மாநிலங்களும் மாநகராட்சிகளும் கைக்கொண்டன.

கடையை ஏன் பொறுப்பாக்கினார்கள்?

முகக்கவசத்தின் பயனில் ஒரு தனித்தன்மை உண்டு. அது அணிபவரை ஓரளவு காக்கிறது. அத்துடன், அவர் பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகளைத் தடுத்து அருகில் இருப்பவரையும் காக்கிறது. மூச்சு முட்டும் சிரமம் அணிபவருக்கு. பயனில் பெரும்பங்கு பிறருக்கு. பொருளியலில் இதனைப் புறவிளைவு என்பர். தமக்கு நேரும் சிரமத்தையும் தமக்குக் கிட்டும் பயனையும் மட்டும் ஒப்பிட்டு ஒவ்வொருவரும் முடிவெடுத்தால், சமூகத்துக்குத் தேவையான அளவில் அது நடைபெறாது. அறிவுரை போதாமல் விதி தேவைப்பட்டதற்குக் காரணம் இதுவே.

கடைகளுக்கிடையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே தெருவில் இரண்டு மளிகைக் கடைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் முகக்கவசம் இல்லாதவரைத் திருப்பி அனுப்புகிறார். மற்றவர் கண்டும் காணாதிருக்கிறார். திரும்பிச் சென்ற வாடிக்கையாளர் பத்தடி தள்ளி அதே பருப்பை வாங்கிக்கொள்வார். ஒழுங்காக நடந்தவருக்கு நட்டமும் நடவாதவருக்கு லாபமும் என்றால் அந்த ஒழுங்கு நீடிக்காது. இரு கடைகளுக்கும் ஒரே விதி, ஒரே கண்காணிப்பு என்று அமையும்போதுதான் முதலாமவர் தைரியமாக மறுக்க முடியும். அவ்வகையில் விதி கடைக்காரருக்குச் சுமையாக இருந்ததுடன் பாதுகாப்பாகவும் இருந்தது. “நான் சொல்லவில்லை, அரசு உத்தரவு” என்று சொல்ல அவருக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது.

நிர்வாக வசதியும் மற்றொரு காரணம். ஒரு நகரத்தில் நடமாடும் லட்சக்கணக்கான மனிதர்களைக் கண்காணிக்க எந்த மாநகராட்சியிடமும் ஆட்கள் இல்லை. அவர்கள் நுழையும் வாசல்களோ எண்ணிக்கையில் குறைவு, உரிமம் பெற்றவை, முகவரி உடையவை.

அபராதத்தின் கணக்கு

அபராதத் தொகை ஊருக்கு ஊர் மாறியது. தில்லியில் 2020 ஜூனில் 500 ரூபாயாகத் தொடங்கி, அவ்வாண்டு நவம்பரில் தொற்று பெருகியபோது 2,000 ரூபாயாக உயர்ந்தது. மும்பையில் தொடக்கத்தில் 1,000 ரூபாயாக இருந்தது, 2020 செப்டம்பரில் 200 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஒரு நகரம் தொகையை உயர்த்தியது. மற்றொன்று எளிதில் வசூலாகும் அளவுக்கு இறக்கியது.

கடைகளைப் பொறுத்தவரை மிகத் தெளிவான ஆணை மகாராட்டிர அரசு 2021 நவம்பர் 27 அன்று பிறப்பித்தது. முகக்கவசம் அணியாத தனிநபருக்கு ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் அபராதம். அவர் ஒரு நிறுவனத்தின் வளாகத்துக்குள் அப்படி இருந்தால், அந்த நிறுவனத்துக்கும் 10,000 ரூபாய். நிறுவனமே நெறிமுறைகளைக் கடைப்பிடிக்கத் தவறினால் 50,000 ரூபாய். கைக்குட்டையை முகக்கவசமாக ஏற்க முடியாது என்றும் அவ்வாணை கூறியது.

இத்தொகை ஒரு சிறு மளிகைக் கடைக்கு என்ன பொருள் தரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாடகை, மின்கட்டணம், கூலி எல்லாம் போக, 100 ரூபாய் விற்பனையில் 5 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் அபராதத்தை ஈடுகட்ட அவர் 2,00,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். வழிப்போக்கர் ஒருவரின் 500 ரூபாய் வியாபாரத்தை மறுப்பதால் அவர் இழப்பது 25 ரூபாய் மட்டுமே. இந்த ஒப்பீட்டில் மறுப்பதே அறிவுடைமை.

ஆனால் வாசலில் நிற்பவர் வழிப்போக்கராக இல்லாமல், மாதந்தோறும் 4,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கும் குடும்பத்தவராக இருந்தால் கணக்கு மாறுகிறது. அவர் மனம் நொந்து வேறு கடைக்குப் போய்விட்டால் ஆண்டுக்கு 2,400 ரூபாய் லாபம் போய்விடும். அத்தகைய நான்கு குடும்பங்கள் விலகினால் இழப்பு ஏறத்தாழ ஓர் அபராதத்துக்குச் சமம். சோதனை எப்போதோ ஒருமுறைதான் வரும் என்று நினைக்கும் கடைக்காரர், வழக்கமான வாடிக்கையாளரிடம் கண்டிப்பு காட்டத் தயங்கியது இதனால்தான். அபராதத் தொகையின் அளவைவிட, தவறினால் அது தவறாமல் விதிக்கப்படும் என்ற உறுதியே மனிதரை நெறிப்படுத்துகிறது.

தண்டனைக்கும் எல்லை உண்டு என்பதை ஒரு வழக்கு காட்டியது. முகக்கவச விதியை மீறுவோரைக் கொரோனா பராமரிப்பு மையங்களில் சமூகப் பணி செய்ய வைக்க வேண்டும் என்று குசராத் உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. மறுநாளே, டிசம்பர் 3 அன்று, உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்தது. அதே வேளையில் முகக்கவச, இடைவெளி விதிகளைக் கண்டிப்புடன் செயல்படுத்துமாறும் அறிவுறுத்தியது.

விற்க மறுக்கலாமா?

“பணம் கொடுக்கிறேன், பொருளைத் தர மறுக்க இவர் யார்?” என்பது அக்காலத்தில் பலரிடம் எழுந்த கேள்வி. ஒப்பந்தச் சட்டத்தின் நோக்கில், கடையில் பொருளை அடுக்கி வைத்திருப்பது வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பு மட்டுமே. வாங்குபவர்தான் முன்மொழிகிறார், அதை ஏற்பதும் மறுப்பதும் பொதுவாக விற்பவரின் உரிமை.

அந்த உரிமைக்கு ஓர் உறுதியான வரம்பை அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு வகுத்துள்ளது. சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி, எந்தக் குடிமகனையும் கடைக்குள் நுழைய விடாமல் தடுக்க முடியாது. முகக்கவச விதி எல்லாருக்கும் ஒன்றாகப் பொருந்துவதால் அந்த வரம்புக்குள் அது வரவில்லை. ஆனால் தெரிந்தவரை உள்ளே விட்டு, ஏழையாகத் தோன்றுபவரை மட்டும் வாசலில் நிறுத்தினால் அது விதியை நடைமுறைப்படுத்துவதாகாது. விதியின் பெயரால் செய்யும் பாகுபாடு.

மருந்துக் கடைக்கும் நியாய விலைக் கடைக்கும் வங்கிக் கிளைக்கும் கூடுதல் பொறுப்பு உண்டு. இன்சுலின் வாங்க வந்தவரையோ ஓய்வூதியம் பெற வந்த முதியவரையோ வெறுங்கையுடன் திருப்பி அனுப்புவது முறையாகாது. அங்கெல்லாம் மறுப்பதற்குப் பதிலாக ஒரு முகக்கவசத்தைக் கையில் கொடுப்பதே பொருத்தமான வழி.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. உள்ளே வர அனுமதி மறுக்கக் கடைக்காரரால் முடியும். அபராதம் வசூலிக்க முடியாது. அந்த அதிகாரம் முறையாக நியமிக்கப்பட்டவர்களுக்கே உண்டு. அபராதம் கேட்பவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதும், செலுத்திய தொகைக்கு ரசீது பெறுவதும் செலுத்துபவரின் உரிமை.

பயன் தந்த வழிமுறைகள்

விதியைச் சட்டம் எழுதியது. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தவர் பெரும்பாலும் கடையிலேயே மிகக் குறைந்த ஊதியம் பெறும் காவலாளியோ விற்பனை உதவியாளரோதான். கோபத்தை முதலில் சந்தித்தவரும், தொற்றுக்கு அருகில் நின்றவரும் அவரே. முதலாளி கல்லாவில் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அமர்ந்திருந்தால், வாசலில் நிற்பவரின் சொல்லுக்கு மதிப்பிராது.

இதற்கு ஆய்வு வழியாகவும் சான்று கிடைத்தது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை வங்கதேசத்தின் 600 கிராமங்களில், ஏறத்தாழ 3,40,000 பெரியவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முகக்கவசத்தை இலவசமாகக் கொடுத்தல், பயனை விளக்குதல், சந்தை போன்ற பொது இடங்களில் நேரில் நினைவூட்டுதல், ஊர்த் தலைவர்களும் சமயத் தலைவர்களும் தாமே அணிந்து காட்டுதல் ஆகிய நான்கும் ஒருசேரக் கடைப்பிடிக்கப்பட்டன. சரியாக முகக்கவசம் அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தனர். அறிகுறியுடன் கூடிய தொற்று சுமார் 9 விழுக்காடு குறைந்தது. பரிசுகளும் குறுஞ்செய்திகளும் கூடுதல் பயன் எதையும் தரவில்லை. நேரில் நினைவூட்டியதே வேலை செய்தது.

மும்பை மாநகராட்சியும் 2020 இறுதியில், அபராதம் செலுத்தியவருக்கு ஒரு முகக்கவசத்தை இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தது. அபராதம் மட்டும் பெற்றவர் அடுத்த தெருவிலும் வெறும் முகத்துடனேயே செல்வார். முகக்கவசம் பெற்றவர் அணிந்து செல்ல வாய்ப்புண்டு.

கடைக்காரருக்கும் இதே வழி திறந்திருந்தது. மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 2020 மார்ச்சில் அரசு நிர்ணயித்த உச்ச விலை 10 ரூபாய். அந்த விலையிலேயே நாளொன்றுக்கு 15 முகக்கவசங்கள் கொடுத்தாலும் மாதச் செலவு 4,500 ரூபாய். ஒரே ஓர் அபராதத்தில் பாதியும் ஆகாது. வாடிக்கையாளரும் கைவிட்டுப் போகமாட்டார். முகக்கவசம் அணிய இயலாதவர்களுக்குப் பொருளை வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பது, தொலைபேசியில் பட்டியல் பெற்று எடுத்து வைப்பது, யூ.பி.ஐ. மூலம் பணம் பெறுவது போன்றவை உதவின. தொடாமல் செலுத்தும் அட்டைகளுக்கான வரம்பை 2021 ஜனவரி 1 முதல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக இந்திய ரிசர்வ் வங்கி உயர்த்தியதும் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தது.

விதி விலகிய பின்

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழான கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31 உடன் முடிவுக்கு வந்தன. மகாராட்டிரத்தில் அவ்வாண்டு ஏப்ரல் 2 முதல் முகக்கவசம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஆனால் கடை வாசலில் நடைமுறைப்படுத்தப்படும் விதிகள் அத்துடன் முடியவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இவற்றிலும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். பக்கத்துக் கடையில் கிடைக்கிறதே என்ற பதிலைக் கேட்பவரும் அவர்தான்.

ஆகவே வணிகம் செய்வோர் மூன்றைக் கடைப்பிடிப்பது நல்லது. விதியை அதன் சட்ட அடிப்படையுடன் வாசலில் எழுதி வையுங்கள். மறுக்கும்போதே மாற்றுப் பொருளையோ மாற்று வழியையோ கையில் வைத்திருங்கள். முடிந்தால் தெருவிலுள்ள எல்லாக் கடைகளும் வணிகர் சங்கத்தின் வழியாக ஒரே நாளில், ஒரே வகையில் அதைத் தொடங்குங்கள்.

வாங்கச் செல்வோரிடமும் ஒரு வேண்டுகோள். வாசலில் நின்று விதியைச் சொல்லும் இளைஞர் அதை எழுதியவர் அல்லர். அதனால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. நாம் சினந்தால் அந்த நாளில் அவர் கேட்கும் எத்தனையாவது வசையோ அது. விதியில் குறை இருந்தால் அதை இயற்றியவர்களிடம் முறையிட நமக்கு வழிகள் உண்டு. முதலாளி கடிந்துகொள்வாரோ, வேலை போய்விடுமோ என்று அஞ்சி நிற்கும் அவருக்கு அவ்வழிகள் எளிதில் திறப்பதில்லை.