பூங்கன்று வியாபாரம்: முதலில் பெயரைக் கற்போம்

நமது நாட்டுப் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்தைத் தமிழில் 'அலரி மாளிகை' என்கிறோம். அந்தப் பெயருக்குக் காரணமான அலரி, சிங்களச் சகோதரர்கள் 'அரலிய' என்று சொல்லும் மரமாகும். தடித்த கிளையும் அகன்ற இலையும் மணமுள்ள பூவும் கொண்டது. ஆனால் தமிழில் அலரி என்றதும் வேறொரு செடியும் நினைவுக்கு வரும். அது ஒடுங்கிய நீண்ட இலையும் சிவப்பு அல்லது வெள்ளைப் பூவும் கொண்ட அலரி. அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. இவை இரண்டும் போதாதென்று மஞ்சள் அலரி என மூன்றாவது ஒன்றும் உண்டு. அதன் விதை உயிரையே பறிக்கக் கூடியது.

பாலர் பாடசாலை ஒன்றின் முற்றத்துக்குப் பத்து அலரிக் கன்றுகள் வேண்டுமென ஒருவர் உங்கள் கடைக்கு வந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த அலரியைக் கொடுப்பீர்கள்? அவர் கேட்ட பெயரைத்தானே கொடுத்தேன் என்று பிறகு சொல்வதில் பயனில்லை. விற்பவர் நீங்கள். அறிந்திருக்க வேண்டியவரும் நீங்களே.

லேண்ட்ஸ்கேப்பிங் எனப்படும் நில அலங்கார வேலை இன்று வீடுகள், ஹோட்டல்கள், வரவேற்பு மண்டபங்கள், பாடசாலைகள், பள்ளிவாசல் வளவுகள் என எங்கும் பரவியுள்ளது. பூச்சாடி விற்கத் தொடங்கி, பின்னர் கன்றுகளும் விற்று, ஈற்றில் முழு வேலையையும் கொந்தராத்து எடுத்துச் செய்யும் நிலைக்கு வந்தவர்கள் நம்மிலும் உள்ளனர். பெரிய மூலதனம் இல்லாமல் ஆரம்பிக்கக்கூடிய தொழில் இது. ஆனால் அரிசிக் கடைக்காரர் சம்பாவையும் நாட்டரிசியையும் பிரித்தறிவது போல, கன்று விற்பவர் தன் கன்றைப் பிரித்தறிய வேண்டும். இத்தொழிலில் ஏற்படும் நஷ்டங்களில் கணிசமானவை கன்றை அடையாளம் காணத் தெரியாமையால் வருபவையே.

இரண்டு சொல் பெயர்

ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி செடியின் பெயர் மாறும். அதனால்தான் ஒவ்வொரு தாவரத்துக்கும் உலகெங்கும் ஒரே விதமாக வழங்கும் இரண்டு சொல் தாவரவியற் பெயர் ஒன்று உண்டு. இம்முறையை 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் மூலம் நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1747இல், அவர் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு பணியாற்றிய ஹெர்மன் என்ற வைத்தியர் சேகரித்த உலர்ந்த செடிகளே அந்நூலுக்கு ஆதாரமாயின.

நாம் கேட்ட மூன்று அலரிகளையும் இம்முறையில் சொன்னால் குழப்பமே இல்லை. அரலிய என்பது புளுமேரியா. நஞ்சுள்ள அலரி நேரியம் ஒலியாண்டர். மஞ்சள் அலரி தெவெற்றியா. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் மூன்றும் வேறு சரக்குகள். புதிய பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மருந்துக் கடையில் வேலைக்குச் சேரும் பையன் நூற்றுக்கணக்கான மருந்துகளின் பெயர்களைச் சில மாதங்களில் பாடமாக்கி விடுகிறான். சிறிய கன்று வியாபாரிக்கு ஐம்பது, அறுபது பெயர்கள் தெரிந்தாலே அன்றாட வேலை நடந்துவிடும்.

பூவை அல்ல, இலையைப் பாருங்கள்

கன்று நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் பூ இருப்பதில்லை. எனவே இலையைக் கொண்டு அடையாளம் காணப் பழக வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கணுவில் இலைகள் அமைந்திருக்கும் விதம். நஞ்சுள்ள அலரியில் ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலைகள் சுற்றியிருக்கும். மஞ்சள் அலரியில் கணுவுக்கு ஒரு இலைதான். வெட்சியில் எதிரெதிராக இரண்டு. அரலியவிலோ தடித்த கிளையின் நுனியில் பெரிய இலைகள் கூட்டமாக நிற்கும். கீழே உதிர்ந்த இலைகளின் தழும்புகள் தெரியும்.

இரண்டாவது, அது தனியிலையா கூட்டிலையா என்பது. 'அசோகா' என்று கேட்டு வருபவர்களில் அநேகர் உண்மையில் தேடுவது மதிலோரம் தூண்போல உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தை. உண்மையான அசோக மரம் வேறு. அது செம்மஞ்சள் நிறப் பூங்கொத்துகளுடன் பரந்து வளரும். நெட்டிலிங்கத்தின் இலை நெளிந்த விளிம்புள்ள தனியிலை. அசோகத்தின் இலையோ ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சோடியாக அமைந்த கூட்டிலை. கூட்டிலை என்பதை எப்படி உறுதி செய்வது? காம்பு கிளையோடு சேரும் மூலையில் மொட்டு ஒன்று இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இராது. மொட்டு இருக்கும் இடத்திலிருந்துதான் முழு இலையைக் கணக்கெடுக்க வேண்டும்.

மூன்றாவது, பாலும் வாசனையும். இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் மணக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பால் வரும் செடியைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது, வாயில் வைத்துச் சுவை பார்க்கவும் கூடாது.

இப்போது கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. அவை நல்ல உதவிதான். ஆனால் சிறு கன்றின் படத்துக்கு அவை தவறான பெயரும் சொல்வதுண்டு. செயலி சொன்னதை இலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு நம்மிடம் இருக்க வேண்டும்.

பையில் இரண்டு அடி, பத்து வருடத்தில்?

பொலித்தீன் பையில் எல்லாக் கன்றுகளும் அழகாகத்தான் இருக்கும். வாங்குபவர் காண்பது இன்றைய உயரத்தை. நாம் சொல்ல வேண்டியது நாளைய உயரத்தை.

அரச பனை 60 அடிக்கும் மேல் வளரும். அதன் ஒரு ஓலை பல கிலோ எடையுடன் கீழே விழும். பத்துப் பேர்ச் காணியில் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அருகில் அதை நட்டுக் கொடுப்பது சரியாகுமா? அடிப்பாகம் போத்தல் போலப் பருத்த போத்தல் பனை சுமார் 10 அடியோடு நின்றுவிடும். மிக மெதுவாக வளரும். அதன் உறவான கதிர்ப் பனை நடுவில் பருத்து 20 அடி வரை செல்லும். சிறு கன்றில் இரண்டையும் பிரித்தறிவது இலகுவல்ல. ஆகவே வாங்கும் இடத்திலேயே பெயரைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பைக்கஸ் பெஞ்சமினா சாடியில் அடக்கமான செடி. நிலத்தில் இறங்கினால் பெரிய மரம். அதன் வேர் மதிலையும் வடிகானையும் பிளந்துவிடும். மதிலைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் கன்றின் விலை ஒன்றுமேயில்லை.

கணக்கொன்றைப் பாருங்கள். 100 அடி நீளமான மதிலோரத்தில் அடிக்கு ஒன்றாக வெட்சி நடுகிறீர்கள். 100 கன்றுகள். முழங்கால் உயரத்தில் நிற்கும் குட்டை வெட்சி என்று பேசிக்கொண்ட இடத்தில், ஆள் உயரத்துக்கும் வளரும் நாட்டு வெட்சி வந்துவிட்டால், வித்தியாசம் தெரியவரும்போது மாதங்கள் பல கடந்திருக்கும். 100 கன்றையும் பிடுங்கி, 100 புதிய கன்று வாங்கி, கூலியும் கொடுக்க வேண்டும். அந்த வேலையின் இலாபம் மட்டுமல்ல, அடுத்த வேலையின் இலாபமும் அதோடு போய்விடும்.

இடமறிந்து தெரிவு செய்தல்

நமது நாடு சிறியதானாலும் காலநிலை ஒன்றல்ல. வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பகுதி ஈரவலயம், 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறுவது உலர்வலயம், இடைப்பட்டது இடைவலயம். கொழும்பிலும் பேருவளையிலும் செழிக்கும் கன்று, கடும் வெயிலும் கடற்காற்றும் உள்ள காத்தான்குடியிலும் புத்தளத்திலும் கருகிவிடலாம். அப்படியான இடங்களுக்குப் போகன்விலா, பூவரசு, தாழை, அரலிய போன்றவை பொருந்தும். போகன்விலாவுக்கு நல்ல வெயில் வேண்டும். அதிகம் நீர் ஊற்றினால் இலைதான் வரும், பூ வராது. இந்த ஒரு வார்த்தையை வாங்குபவரிடம் சொல்லிவிட்டால், பூக்கவில்லை என்ற முறைப்பாடு பாதியாகக் குறையும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய மதிலோரத்தில் வெட்சியின் இலை மஞ்சளாவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். சீமெந்திலும் சாந்திலும் உள்ள சுண்ணாம்பு மண்ணில் கலப்பதால், செடியால் இரும்புச் சத்தை உறிஞ்ச முடிவதில்லை. இதற்கு மேலும் மேலும் யூரியா போட்டுப் பயனில்லை. கட்டடக் கழிவை அகற்றி, நல்ல மண்ணும் கொம்போஸ்ட்டும் இட்ட பின்னரே நட வேண்டும்.

நுவரெலியாவில் நீலமாகப் பூத்த ஹைட்ரேஞ்சியாவை வாங்கிச் சென்றவர், மறு வருடம் அது இளஞ்சிவப்பாகப் பூத்ததைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைப்பதுண்டு. அது ஏமாற்று அல்ல. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூப்பது அச்செடியின் இயல்பு. விற்கும்போதே சொன்னால் அது தகவல். பிறகு சொன்னால் அது சாக்கு.

மொத்தமாகக் கொள்வனவு செய்யும்போது பையின் அடியைப் பாருங்கள். வேர் பையைத் துளைத்து வெளியே வந்திருந்தாலோ, உள்ளே சுருண்டு கிடந்தாலோ அது நாட்பட்ட கன்று. இலையின் பின்புறத்தில் வெண்மாவுப் பூச்சி உண்டா என்று பாருங்கள். நிழல் வலைக்குள் வளர்ந்த கன்றை உடனே வெயிலில் நடாமல், சில நாட்கள் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

சட்டமும் அமானிதமும்

இந்தியா, தாய்லாந்து, சிங்கப்பூர் சென்று வரும் வியாபாரிகள் அங்கு காணும் புதிய கன்றுகளைப் பயணப் பையில் போட்டு வர ஆசைப்படலாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவசாயத் திணைக்களத்தின் அனுமதியின்றி இப்படிக் கொண்டுவர முடியாது. இது வெறும் கெடுபிடி அல்ல. 1905 அளவில் அழகுக்காக இந்நாட்டுக்கு வந்த ஆகாயத்தாமரை, நீர்நிலைகளை மூடத் தொடங்கியதால் 1909இலேயே அதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. சிங்களத்தில் 'ஜப்பன் ஜபர' எனப்படும் அந்தச் செடி இன்றும் நமது குளங்களில் மிதக்கிறது. அதே போல, வெசாக் ஓர்கிட் போன்ற காட்டுச் செடிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. காட்டிலிருந்து பிடுங்கி வந்ததாகச் சொல்லி யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது அமானிதம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை மறைக்காமல் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பதும், மறைத்தால் அது அழிந்துவிடும் என்பதும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம். கன்று வியாபாரத்தில் மறைக்கப்படும் குறை பெரும்பாலும் நஞ்சுதான். அலரிகளை மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வைக்கும் டிபன்பாக்கியாவின் இலையைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். லந்தானாவும் தூரந்தாவின் காயும் ஆபத்தானவை. பாலர் பாடசாலை, மதரஸா, பள்ளிவாசல் முற்றம் என்று தெரிந்தால் இவற்றைக் காட்டவே வேண்டாம். வேறிடங்களுக்கு விற்பதாயின் எச்சரித்து விற்க வேண்டும்.

'லக்கி பம்பூ' விடயமும் கவனத்துக்குரியது. அது மூங்கிலே அல்ல. மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா வகை. இலங்கையிலும் வளர்க்கப்பட்டு ஏற்றுமதியாகும் அழகிய இலைச்செடி. அதை அழகுச் செடியாக விற்பது ஆகுமான வியாபாரம். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டமும் செல்வமும் வரும் என்று சொல்லி விற்பது நமது ஈமானுக்கும் பொருந்தாது, உண்மைக்கும் பொருந்தாது.

எங்கே கற்பது?

இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டுமென்பதில்லை. 1821இல் ஆரம்பிக்கப்பட்ட பேராதனைப் பூங்கா 147 ஏக்கரில் விரிந்த திறந்த பாடசாலை. மலைநாட்டுச் செடிகளுக்கு ஹக்கல, தாழ்நாட்டுச் செடிகளுக்குக் கம்பஹா ஹெனரத்கொட, உலர்வலயத்துக்கு 2013இல் திறக்கப்பட்ட ஹம்பாந்தோட்டை மிரிஜ்ஜவில என வலயத்துக்கு வலயம் பூங்காக்கள் உள்ளன. அங்கு மரங்களில் பெயர்ப் பலகை தொங்குகிறது. குடும்பத்தோடு சுற்றுலா செல்லும் நாளில் ஒரு கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் விற்கும் கன்று முழுதாக வளர்ந்த பின் எப்படி நிற்கும் என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

கடையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு சிறு அட்டை வையுங்கள். தாவரவியற் பெயரும் ஊர்ப் பெயரும், முழு உயரம், வெயில், நீர், எச்சரிக்கை என ஐந்தே வரிகள் போதும். விலைமனு கொடுக்கும்போதும் பற்றுச்சீட்டு எழுதும்போதும் அந்தப் பெயரையே எழுதுங்கள். நாளை தகராறு வந்தால் அந்த எழுத்து உங்களைக் காக்கும். வேலையாட்களுக்கு வாரத்துக்கு இரண்டு செடிகள் கற்பித்தால் வருடத்தில் நூறு செடிகளாகும்.

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முதலில் கற்றுக்கொடுத்தது பொருட்களின் பெயர்களை. பெயரை அறிவதே அறிவின் தொடக்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? மரம் நடுவது ஸதகா என்று போற்றும் மார்க்கம் நம்முடையது. அந்த மரம் எதுவென்று தெரிந்து நடுவோம், தெரிந்து விற்போம். அல்லாஹ் நமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.