பொய்க்கூரையைக் கழற்றிய பின்

2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில், தகரக் கூரைக்கடியில் அடித்த பொய்க்கூரை மழை ஒழுக்கில் ஊறி உளுத்துப்போவதுண்டு. அதனைக் கழற்றிய அன்பர்கள் உடனே மறுபடியும் மூட முனைகின்றனர். சற்றுப் பொறுங்கள் என்போம். மேலே தெரியும் உத்திரம் படாக் மரமாயின், தூசு துடைத்து எண்ணெய் பூசினால் அச்செந்நிறமே போதிய அணியாகும். தகரத்தின் அடிப்புறம் வெண்மையானால் அறை முழுதும் ஒளிரும். வெப்பமும் மழையிரைச்சலும் மிகும் என்பது மெய். தாங்கவியலாதோர் தகரத்தை ஒட்டி வெப்பந்தடுக்கும் விரிப்பு இடலாம்.

இங்கு டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைகின்றான். பிள்ளைகள் படிப்பதெல்லாம் விளக்கொளியில்தான். ஆதலின் உச்சியில் ஒற்றை விளக்கு போதாது. படிப்பு மேசைக்கு மேல் ஒன்று, அடுக்களையில் ஒன்று எனத் தாழத் தொங்கவிடுக. மூங்கிற்கூடையைக் கவிழ்த்து, உள்ளே அதிகம் சூடேறாத எல்.இ.டி. விளக்கை மாட்டினால் சுவரெங்கும் நிழற்கோலம் விழும். பழைய மின்கம்பிகளை எலி கடித்திருக்கக்கூடும். மின்பணியாளரிடம் முதலில் காட்டுக.

கனத்த கண்ணாடிச் சரவிளக்கு மட்டும் வேண்டா. 2004 டிசம்பர் 26 காலை இத்தீவுகள் குலுங்கியதை நாம் மறந்தோமல்லோம். எதனை மாட்டினும் உத்திரத்திலேயே திருகாணி இறக்குக. இரும்புக் கொக்கியைக் கடற்காற்று அரித்துவிடும், பித்தளை நன்று. தொட்டிலுக்கு நேர்மேலே எதுவும் தொங்கலாகாது.