தழுவலும் வினாவும்: அகுதாகவாவின் சிறுகதைகள், ‘ரஷோமோன்’, ‘அந்த நாள்’

முன்னுரை

இலக்கியப் படைப்பொன்று திரைப்படமாகவோ தொலைக்காட்சித் தொடராகவோ வெளிவரும்போது, அதனை முன்பே படித்தவர்களிடம் எழும் முதற்கருத்து பெரும்பாலும் ஒன்றே: மூலத்தில் உள்ளது படத்தில் இல்லை என்பது. கொரிய, சீன, ஜப்பானியத் தொடர்கள் நம் மாணவர்களின் அன்றாடப் பொழுதுபோக்காகிவிட்ட இக்காலத்தில், இக்கருத்து வகுப்பறைக்குள்ளும் நுழைந்துள்ளது. தழுவலைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் இரண்டு பட்டியல்களைத் தருகின்றனர்: மூலத்திலிருந்து விடுபட்டவை, படத்தில் புதிதாகச் சேர்ந்தவை. பட்டியல்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அவை மூலத்தையும் விளக்குவதில்லை, படத்தையும் விளக்குவதில்லை. நாமும் அப்பட்டியல்களுக்கே மதிப்பெண் வழங்கி அமைந்துவிடுகிறோம்.

தழுவலை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் ‘மூலத்தை அப்படியே காத்ததா?’ என்பதன்று, ‘மூலம் எழுப்பிய வினாவை என்ன செய்தது?’ என்பதே. இக்கருத்தினை அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) திரைப்படத்தையும், அதன் மூலங்களாகிய இரு சிறுகதைகளையும், அதன் தாக்கத்தால் தமிழில் உருவான ‘அந்த நாள்’ (1954) திரைப்படத்தையும் கொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

மூலத்துக்கும் ஒரு மூலம்

குரோசாவா எடுத்துக்கொண்ட கதைகள் இரண்டும் அகுதாகவா ரியுனோசுகே (1892–1927) எழுதியவை. ‘ரஷோமோன்’ 1915ஆம் ஆண்டிலும் ‘மூங்கில் தோப்பில்’ எனத் தமிழில் கூறத்தக்க ‘யாபு நோ நாகா’ 1922ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவ்விரண்டுக்கும் கரு, ஹெய்ஆன் காலத்தின் இறுதியில் தொகுக்கப்பட்ட ‘கொன்ஜாகு மொனொகதாரி’ என்னும் பழங்கதைத் திரட்டிலிருந்து பெறப்பட்டது.

அப்பழங்கதையில் தலைநகரின் வாயில் மாடத்தின்மேல் ஏறுபவன் திருடும் நோக்கத்துடனேயே வந்தவன். அகுதாகவா அவனை, வேலையிலிருந்து நீக்கப்பட்டு, பட்டினி கிடப்பதா திருடுவதா என்று முடிவு செய்ய இயலாமல் மழையில் ஒதுங்கி நிற்கும் பணியாளனாக மாற்றினார். அவ்வாறே, தோப்பில் கணவனைக் கட்டிப்போட்டு மனைவியைக் கள்வன் வன்புணரும் பழங்கதையில் கொலை இல்லை. கொலையைச் சேர்த்தவரும் அதனை ஏழு வாக்குமூலங்களாகப் பிரித்தவரும் அகுதாகவாவே. நாம் மூலம் என்று போற்றுவதே ஒரு தழுவலாக இருக்கும்போது, ‘மூலத்தை மாற்றிவிட்டார்’ என்னும் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பது எண்ணத்தக்கது.

விடை தராத கதை

‘மூங்கில் தோப்பில்’ கதையில் கதைசொல்லி இல்லை. விறகுவெட்டி, துறவி, காவலன், மனைவியின் தாய் ஆகியோரின் சாட்சியங்களை அடுத்துக் கள்வன் தாஜோமாரு, மனைவி, ஊடகப் பெண்வழிப் பேசும் இறந்த கணவனின் ஆவி ஆகிய மூவரின் கூற்றுகள் இடம்பெறுகின்றன. நேர்நின்று போரிட்டு வென்றதாகக் கள்வன் கூறுகிறான். கணவனின் பார்வையில் இருந்த வெறுப்பைத் தாங்காமல் தானே குத்தியதாக மனைவி கூறுகிறாள். தன்னைத் தானே மாய்த்துக்கொண்டதாக ஆவி கூறுகிறது.

இங்கு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. குற்ற வழக்குகளில் பொய் சொல்பவர் பழியைப் பிறர்மீது சுமத்துவதே இயல்பு. இம்மூவரோ அச்சாவைத் தத்தம் செயலாகவே உரிமை கொண்டாடுகின்றனர். தண்டனையிலிருந்து தப்புவதற்காக அவர்கள் பொய் சொல்லவில்லை. தம்மைப் பற்றித் தாம் வைத்திருக்கும் உருவம் சிதையாமல் இருக்கவே சொல்கின்றனர். வீரன், மானமுள்ள மனைவி, மானமுள்ள கணவன் என்னும் மூன்று உருவங்களே அங்கு மோதுகின்றன. ‘உண்மை ஆளுக்கு ஆள் மாறும்’ என்று இக்கதையைச் சுருக்கிக் கூறும் வழக்கம் பரவலாக உள்ளது. அச்சுருக்கம் கதையின் கூர்மையை மழுக்கிவிடுகிறது எனலாம். மனிதன் தன் மதிப்பைக் காக்க எதையும் விலையாகத் தருவான் என்பதே கதையின் உட்பொருள்.

குரோசாவா சேர்த்தவை

ஷினோபு ஹாஷிமோதோ முதலில் ‘மூங்கில் தோப்பில்’ கதையை மட்டும் திரைக்கதையாக்கினார். அது முழுநீளப் படத்துக்குப் போதாமையால், பாழடைந்த வாயிலைச் சூழலாகக் கொண்ட மற்றொரு கதையும் இணைக்கப்பட்டது. மழைக்கு ஒதுங்கிய விறகுவெட்டி, துறவி, வழிப்போக்கன் ஆகிய மூவரும் நடந்த வழக்கைப் பேசுவதாகப் படம் அமைந்தது. தாயின் சாட்சியம் நீக்கப்பட்டது. விறகுவெட்டியின் இரண்டாம் கூற்றும் கைவிடப்பட்ட குழந்தையும் சேர்க்கப்பட்டன.

இரண்டாம் கூற்றில், கள்வனும் கணவனும் நடுங்கி, இடறி, மூச்சு வாங்கிப் போரிடுகின்றனர். முந்தைய கூற்றுகள் கட்டிய பெருமித உருவங்கள் இங்குக் கலைகின்றன. இவன் வெளியாள் ஆதலால் இவன் கூற்றே உண்மை என்று பார்வையாளர் நம்பத் தொடங்கும் நேரத்தில், விலையுயர்ந்த குறுவாளை எடுத்தவன் இவனே என்பதை வழிப்போக்கன் வெளிப்படுத்துகிறான். ஆகவே, சாட்சிகளை அடுக்கிக்கொண்டே சென்றாலும் கறையற்ற சாட்சி ஒருவன் கிடைக்கப்போவதில்லை என்பது உறுதியாகிறது.

வழக்கு மன்றக் காட்சிகளில் நடுவர் காட்டப்படுவதில்லை. அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் பார்வையாளரை நோக்கியே பேசுகின்றனர். கதையில் வாசகனுக்கு இருந்த இடத்தைக் காட்சி அமைப்பினால் பெற்றுத் தந்தமை இப்படத்தின் சிறப்பாகும்.

குழந்தைக் காட்சியை வலிந்து புகுத்தப்பட்ட மனிதநேயம் என்று குறைகூறுவோர் உளர். சிறுகதையை உடன்வைத்து நோக்கினால் அதன் பொருத்தம் புலப்படும். சிறுகதையில், பிணத்தின் கூந்தலைப் பிடுங்கும் கிழவி, பிழைப்புக்காகச் செய்வது தவறாகாது என்கிறாள். அவள் வாதத்தையே அவளுக்கு எதிராகத் திருப்பி, பணியாளன் அவள் ஆடையைப் பறித்து இருளில் மறைகிறான். படத்தில் அதே வாதத்தைக் கூறி வழிப்போக்கன் குழந்தையின் ஆடையைப் பறிக்கிறான். சிறுகதை அந்த இருளில் முடிந்துவிடுகிறது. படமோ, ஏற்கெனவே ஆறு பிள்ளைகளை உடைய விறகுவெட்டி அக்குழந்தையை ஏற்றுச் செல்வதுடன் முடிகிறது. கொன்றவர் யார் என்னும் வினாவுக்குக் குரோசாவாவும் விடை தரவில்லை. யாரையும் நம்ப இயலாத நிலையில் மனிதர் எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்னும் வேறொரு வினாவை அதன்பின் வைத்தார். போரில் அழிந்து, அயலார் ஆட்சியின்கீழ் இருந்த 1950ஆம் ஆண்டு ஜப்பானில் அவ்வினா வெறும் தத்துவமாக இருந்திராது. மறு ஆண்டு வெனிஸ் விழாவில் இப்படம் தங்கச் சிங்க விருதினைப் பெற்றது.

தமிழில் நிகழ்ந்தது

‘ரஷோமோன்’ படத்தின் தாக்கத்தால் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பாக 1954இல் வெளிவந்தது. பாடல்களே இல்லாத படம் என்று நம் திரைப்பட வரலாறு அதனைக் குறிப்பிடுகிறது. ஜப்பானியப் படத்தின் நகல் என்று கூறுவோரும் உளர். நகல் என்னும் சொல் இங்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

1943இல் சென்னையின்மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய காலம் படத்தின் களம். வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரிக்கப்படுவோர் ஐயத்தைப் பிறர்மீது திருப்புகின்றனர். ‘ரஷோமோனில்’ செயலுக்கு உரிமை கொண்டாடிய சாட்சிகள் இங்குப் பழியைத் தள்ளிவிடுகின்றனர். அங்குக் காணப்படாத நடுவருக்கு ஈடாக இங்குத் துப்பறியும் அதிகாரி நம் கண்முன் நின்று வினவுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கு விடை உண்டு. எதிரிநாட்டுக்கு மறைச்செய்திகளை அனுப்பிய ராஜன், தன் மனைவி உஷாவின் கையாலேயே இறந்தான் என்பது இறுதியில் தெளிவாகிறது.

விடை கிடைத்தவுடன் வினாவும் மாறிவிடுகிறது. ‘உண்மையை அறிய முடியுமா?’ என்பது ‘உண்மையை அறிந்த மனைவி என்ன செய்வாள்?’ என்றாகிறது. கற்பும் இல்லறமும் உயர்ந்த மதிப்புகளாகப் போற்றப்பட்ட தமிழ்த் திரையில், கணவனா நாடா என்று ஒரு பெண்ணை நிறுத்தியமை சிறு செயலன்று. விடுதலை பெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்த நாட்டில் அவ்வினாவுக்குத் தனி எடை உண்டு. கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) படமும் ஒரே நிகழ்வுகளை இருவர் கூற்றுகளாகச் சொல்லி, எது மெய் என்பதை இறுதியில் பார்வையாளருக்கு உணர்த்திவிடுகிறது. வடிவத்தை ஏற்ற தமிழ்ப் படங்கள் இரண்டும் ஐயத்தை ஏற்காமல் நீதியை நாடியுள்ளன. அதனைக் குறையாகக் கருதாமல், நம் கதைமரபு வேண்டிநிற்பது யாது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே தகும்.

முடிவுரை

பழங்கதை, சிறுகதை, ஜப்பானியப் படம், தமிழ்ப் படம் என்னும் இவ்வரிசையில் ஒவ்வொன்றும் முன்னதை மாற்றியே உயிர்பெற்றுள்ளது. எனவே, மாணவர்கள் தரும் பட்டியலை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. அதனைத் தொடக்கமாகக் கொள்ளலாம். சேர்க்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் நீக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று வினாக்களை எழுதச் செய்யலாம்: மூலம் கேட்டது யாது? இம்மாற்றத்தால் அவ்வினா என்னவாயிற்று? புதிய வினா யாருக்கு, எக்காலத்தில் தேவைப்பட்டது? இவற்றுக்கு விடை எழுதும் மாணவர் நாவலையும் படிப்பார், படத்தையும் பார்ப்பார். படம் மட்டும் பார்த்துத் தேர்வெழுத முனைவோரைக் கடிந்துகொள்வதைக் காட்டிலும் இது பயன் தரும் வழியாகும்.

மூலத்தில் ஒரு வரியும் மாறாத தழுவலிலும் வினா இறந்துபோயிருக்கலாம். அத்தகைய படத்துக்கு முழு மதிப்பெண் வழங்கி, ‘அந்த நாள்’ போன்றவற்றை நகல் என்று ஒதுக்கினால், பிழை படைப்பாளியுடையதன்று, நம் அளவுகோலினுடையது.