சிலம்பமா, சிலாட்டா, கராத்தேயா? எதற்காக என்று முதலில் கேளுங்கள்

பிள்ளையைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எது சிறந்தது?" மாசாய், ஸ்கூடாய், கூலாய் போன்ற நகர்ப்புறங்களில் டேக்வாண்டோ, கராத்தே, சிலாட், வூஷு, சிலம்பம் என்று தேர்வுகள் பல. தோட்டப்புறத்தில் ஒரு வகுப்பு கிடைத்தாலே பெரிது. எங்கிருந்தாலும், "எது" என்பதற்கு முன் "எதற்காக" என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதற்காகப் பயில்கிறார்கள்?

பயம் ஒரு காரணம். பள்ளியில் பகடிவதை, வெளியே வழிப்பறி, குண்டர் கும்பல் பற்றிய செய்திகள் பெற்றோரை வகுப்பு வாசலுக்கு அழைத்து வருகின்றன. உடல்நலம் இன்னொரு காரணம். கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை வாரத்தில் இரண்டு நாளாவது வியர்வை சிந்தட்டும் என்ற எண்ணம்.

படிப்பும் இதில் சேர்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. மாநில, தேசிய அளவில் போட்டியிட்டு வாங்கும் சான்றிதழ் அங்கே கைகொடுக்கும். கடைசியாக, மரபு. நம் பாட்டன் சுற்றிய கம்பைப் பேரன் தொடாமலே போய்விடக் கூடாது என்ற ஆதங்கம்.

நான்கு காரணமும் நியாயமானவைதாம். ஆனால் ஒரே கலை நான்கையும் ஒரே அளவில் தந்துவிடாது.

தோட்டத்தோடு வந்த கம்பு

சிலம்பம் மலாயாவுக்குத் தொழிலாளர்களோடு வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்த பிறகும் கங்காணி முறையில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் வருவது நிற்கவில்லை. 1938-இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அது நின்றது. அப்படி வந்தவர்கள் தெய்வங்களையும் கூத்தையும் கம்பையும் உடன் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் சிலம்பம் சுற்றுவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. 1963-இல் வெளிவந்த 'பெரிய இடத்துப் பெண்' போன்ற படங்களில் எம்.ஜி.ஆர். கம்பைச் சுழற்றியபோது அதற்குப் புது மவுசும் கிடைத்தது.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரே லயத்தில் இருந்த ஆசானும் மாணவர்களும் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். சிலம்பத்துக்கு உண்மையான இழப்பு அங்கேதான் நேர்ந்தது. வேறு கலைகள் வந்து அதைத் தோற்கடிக்கவில்லை. கற்றுத் தரும் இடம் கலைந்துபோனது.

ஒவ்வொன்றும் எதைக் கற்றுத் தருகிறது?

சிலம்பத்தின் உயிர் காலடியில் இருக்கிறது. கம்பைப் பிடிப்பதற்கு முன் சுவடு பழக வேண்டும். அதன் பிறகே வீச்சும் தடுப்பும். கம்பு பொதுவாகப் பயில்பவரின் நெற்றி உயரத்துக்கு இருக்கும்; நம் நாட்டில் பெரும்பாலும் பிரம்பு. இரு கையாலும் இரு பக்கமும் சுழற்றுவதால் மணிக்கட்டு, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து உழைக்கும். போட்டியில் எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பதே முறை, அடித்து வீழ்த்துவதல்ல. ஆயுதமின்றிச் செய்யும் குத்துவரிசை இதன் உடன்பிறப்பு.

சிலாட் மலாய் சமூகத்தின் கலை. தாழ்ந்த நிலை, பிடி, தட்டி வீழ்த்துதல் இதன் பலம். போட்டியில் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, வீழ்த்தினால் 3. திருமணங்களில் மணமக்கள் முன் ஆடும் அழகு வடிவமும் உண்டு. 1987 முதல் தென்கிழக்காசியப் போட்டிகளில் இடம்பெறும் இக்கலையை, 2019-இல் யுனெஸ்கோ மலேசியாவின் பெயரில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆசிரியரை இங்கும் 'குரு' என்றே அழைக்கிறார்கள்.

கராத்தே ஒக்கினாவாத் தீவில் பிறந்தது. 1922-இல் கிச்சின் புனாகோஷி அதைத் தோக்கியோவில் அறிமுகப்படுத்தினார். நேர்க்கோட்டுக் குத்து, உறுதியான நிலை, கட்டுப்பாடு ஆகியவை இதன் அடையாளங்கள். கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்குத் தோக்கியோ ஒலிம்பிக்கே சாட்சி. 2021 ஆகஸ்ட் மாதம் நடந்த இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்த சவூதி வீரர் தாரேக் ஹமேதி, ஈரான் வீரரை மயங்கி விழும் அளவுக்கு உதைத்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தங்கம் கீழே விழுந்தவருக்குப் போனது. இக்கலையில் பிரேம்குமார் செல்வம், சர்மேந்திரன் ரகுநாதன் போன்ற நம்மவர்கள் நாட்டைப் பிரதிநிதித்துள்ளனர்.

டேக்வாண்டோ காலின் கலை. தலைக்கு எட்டும் உதைக்கு அதிகப் புள்ளி. அதன் தலைவர்களில் ஒருவரான சோய் ஹொங் ஹி, 1962-இல் தென்கொரியத் தூதராக மலாயாவுக்கு வந்தார். இங்கே அது வேரூன்றியதற்கு அவரும் ஒரு காரணம். 2000 முதல் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. பட்டைத் தேர்வுகள் படிப்படியாக இருப்பதால், சிறு பிள்ளைகளுக்கு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

சீனத் தற்காப்புக் கலையோடு சிங்க நடனமும் சேர்ந்தே வளர்ந்தது. ஜொகூரின் மூவாரைச் சேர்ந்த குன் செங் கெங் குழு சிங்க நடனத்தில் உலகப் புகழ் பெற்றது. திருவிழாவையும் பயிற்சியையும் பிரிக்காமல் காத்தால் கலை எப்படி வளரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கும் பாடம் அது.

பெருமைக்குப் பொய் வேண்டாம்

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தாம் சீனர்களுக்குக் குங்ஃபூ கற்றுத் தந்தார் என்ற கதை, 2011-இல் '7ஆம் அறிவு' படம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு பரவியது. போதிதர்மர் தென்னிந்தியர் என்ற மரபுச் செய்தி பழையது. ஆனால் அவரைத் தற்காப்புக் கலையோடு இணைக்கும் கதை 17-ஆம் நூற்றாண்டு நூலொன்றின் வழியே பரவியது என்பதே வரலாற்றாய்வாளர்கள் சொல்வது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அந்த நூலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி.

அந்தக் கதை இல்லாவிட்டாலும் சிலம்பத்தின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெருமைப்பட இன்றைய செய்தியே போதும்.

தெருச் சண்டைக்கு உதவுமா?

பயத்தால் வகுப்புக்கு வருவோர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மூன்று மாதப் பயிற்சி எவரையும் பாராங் ஏந்தியவன் முன் நிற்கத் தகுதியாக்காது. நல்ல ஆசான் முதலில் சொல்லித் தருவது விலகி ஓடுவதைத்தான். பயிற்சி தருவது நிமிர்ந்த நடை, பதறாத மனம், கீழே விழுந்தாலும் அடிபடாமல் எழும் பழக்கம். பகடிவதை செய்பவன் பெரும்பாலும் கூனிக்குறுகி நிற்பவனையே தேடுகிறான் என்பதால் இதுவே பெரிய காப்பு.

சட்டமும் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன; தேவைக்கு மேல் தீங்கு செய்ய அவை இடம் தரவில்லை. விழுந்தவனை மேலும் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. உரிய காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுருள்வாள், மான்கொம்பு வரை பயிலும் இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன்

சங்கம் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். சான்றிதழை எந்த அமைப்பு வழங்குகிறது, பள்ளி அதை ஏற்குமா என்று விசாரியுங்கள். மாதக் கட்டணத்தோடு நின்றுவிடாமல் சீருடை, பட்டைத் தேர்வு, போட்டிச் செலவு எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பெண்பிள்ளைகளுக்கும் அதே பயிற்சி, அதே மதிப்பு கிடைக்கிறதா என்றும் கவனியுங்கள்.

ஒலிம்பிக் கனவு இருந்தால் டேக்வாண்டோ. நாட்டுக்காகக் களமிறங்கும் ஆசை இருந்தால் கராத்தே, சிலாட். மரபும் உடற்பயிற்சியும் குறைந்த செலவில் வேண்டுமென்றால் சிலம்பம். ஒரு பிரம்பும் சிறிது திடலும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஒன்றைக் கற்றவர் இன்னொன்றைக் கற்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மற்ற கலைகளுக்கு நாளைக்கும் வகுப்பு இருக்கும். தோட்டத்தில் கம்பு பிடித்த முதிய ஆசான்களிடம் இருக்கும் சுவடும் வரிசையும் அப்படியல்ல. அவற்றில் பல ஏட்டில் ஏறாதவை. உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒருவர் இருந்தால், பிள்ளையை எந்த வகுப்பில் சேர்த்தாலும் ஒரு மாலை அவரிடமும் அழைத்துப் போங்கள். அவர் ஆடிக் காட்டுவதை அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள்.